வீட்டிலேயே பிறந்தநாள் கேக், எளிய அலங்காரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை இந்த முறை நாமே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு அடுத்த நிமிடமே எழும் சந்தேகங்கள் இவை. காஸ் அடுப்பு, மின்விசிறி, வெயில், சொல்லாமல் வரும் மின்வெட்டு ஆகியவற்றோடு வாழும் நம் வீடுகளை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. குளிர் நாட்டுச் சமையலறையில் எடுத்த காணொளியைப் பார்த்துச் செய்தது இங்கே வழிந்து ஓடினால் அதற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை.

கப் என்று சொல்லுமிடமெல்லாம் 240 மில்லி கப். அது இல்லாவிட்டால் ஒரே டம்ளரால் எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள்.

ஓவன் இல்லை. கேக் ஒழுங்காக வருமா?

வரும். கேக்குக்கு வேண்டியது எல்லாப் பக்கமும் சுற்றி நிற்கும் சூடு. கனமான பாத்திரமும் இறுக்கமான மூடியும் இருந்தால் அந்தச் சூட்டை அடுப்பின் மேலேயே உண்டாக்கிவிடலாம்.

பலரும் பிரஷர் குக்கரைப் பயன்படுத்துகிறார்கள். வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. குக்கர் மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு, சூடு எல்லை மீறினால் உருகி வழிவிடும்படி செய்யப்பட்டது. தண்ணீர் இல்லாமல் முக்கால் மணி நேரம் காய்ந்தால் அது கெட்டுப்போகலாம். பிறகு அதே மூடியைப் போட்டுச் சாம்பார் வைப்பது நல்லதல்ல. ஆகவே குக்கர் மூடியை எடுத்து வைத்துவிட்டு, மேலே சரியாக உட்காரும் ஒரு கனத்த தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். பழைய அலுமினியக் குண்டான் வீட்டில் கிடந்தால் குக்கரையே தொட வேண்டாம்.

அடியில் இரண்டு கப் கல் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு ஸ்டாண்ட் அல்லது சிறிய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு கேக் டின்னை இறக்கி, தீயைக் குறைத்து, 45 முதல் 50 நிமிடம். அரை மணி நேரம் ஆகும்வரை திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்த உப்பை ஆறவைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த கேக்குக்கு ஆகும், சமையலுக்கு ஆகாது.

இட்லிப் பானையில் ஆவியிலும் வேகவைக்கலாம். டின்னின் வாயை அலுமினியத் தாளால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூடியிலிருந்து சொட்டும் நீர் மாவில் விழும். ஆவி கேக் பஞ்சு போல மென்மையாக வரும், ஆனால் மேலே பொன்னிறமும் வாசமும் வராது. மேலே சாக்லேட் பூசப் போகிறீர்கள் என்றால் அந்தக் குறை தெரியாது.

பிறந்தநாள் வெள்ளிக்கிழமை வருகிறது. முட்டையில்லாமல் எப்படி?

தயிர்தான் வழி. ஆப்ப சோடாவுக்குப் புளிப்பு கிடைத்தால் கரியமிலவாயு வரும், அந்த வாயுதான் மாவை உயர்த்தும். நம் வீட்டுத் தயிரின் புளிப்பு இதற்கெனவே அமைந்தது போல இருக்கும்.

7 அங்குல வட்ட டின்னுக்கு அளவு: மைதா ஒன்றரை கப் (சுமார் 190 கிராம்), சர்க்கரை முக்கால் கப், கெட்டித் தயிர் ஒரு கப், வாசனையில்லாத எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி.

தயிரில் சர்க்கரையைப் போட்டுக் கரையும்வரை கலக்குங்கள். பேக்கிங் பவுடரையும் சோடாவையும் சேர்த்து ஐந்து நிமிடம் விட்டால், தயிர் உப்பி மேலெல்லாம் சிறு குமிழ்கள் தெரியும். குமிழ் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள், சோடா பழையது. வந்தால் எண்ணெய், எசன்ஸ் சேர்த்து, இரண்டு முறை சலித்த மைதாவை மூன்று தவணையாகப் போட்டு, கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக் கலக்க வேண்டும். வெள்ளை மாவு கண்ணில் படாத கணத்தில் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் கலக்கினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும்; அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் மைதாவின் பசைத்தன்மை கூடி கேக் ரப்பராகிறது.

எண்ணெய் தடவி பட்டர் பேப்பர் விரித்த டின்னில் முக்கால் பாகத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். ஓவன் இருந்தால் 180 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். கழுவித் துடைத்த ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் இதற்கு வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய் போதும்.

முட்டை சேர்ப்பதில் தடையில்லை. அப்போது?

வேலை இன்னும் எளிது. நான்கு முட்டை ஓட்டோடு ஏறக்குறைய 200 கிராம். அதே எடைக்கு உப்பில்லா வெண்ணெய், பொடித்த சர்க்கரை, மைதா. கூடவே பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து இலேசாகும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் மாவைப் புரட்டிக் கலப்பதுதான் முறை. குளிர்ந்த முட்டையைச் சேர்த்தால் கலவை திரியும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

இலங்கையில் பிறந்தநாள் என்றால் நினைவுக்கு வரும் ரிப்பன் கேக் இந்த வெண்ணெய் கேக்கின் பிள்ளைதான். மாவைப் பிரித்து இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறமூட்டி, தனித்தனி அடுக்குகளாகச் சுட்டு, வெண்ணெய் ஐசிங்கால் ஒட்டுகிறார்கள். வெட்டும்போது பட்டைபட்டையாக நிறம் தெரிவதே அலங்காரம். மேலே எதுவும் செய்யத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கோதுமை மாவை அப்படியே மாற்றிப் போடலாம். இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் கூடுதலாகத் தேவைப்படும், கேக் கொஞ்சம் கனமாக இருக்கும். கேழ்வரகு மாவு மட்டும் போட்டால் உதிர்ந்துவிடும். பாதி கேழ்வரகு, பாதி கோதுமை, கூட இரண்டு கரண்டி கோகோ என்றால் நிறமும் சுவையும் ஒத்துப்போகும். நாட்டுச் சர்க்கரை நன்றாகவே வரும், நிறம் பழுப்பாகும்.

ஆனால் ஒன்று. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். ஆரோக்கியத்துக்காக என்று மாற்றிவிட்டு இரண்டு துண்டு கூடுதலாகக் கொடுப்பதில் பொருளில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் மைதா கேக் சாப்பிடும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பது என் எண்ணம்.

முப்பது பேர் வருகிறார்கள். எவ்வளவு செய்வது?

7 அங்குல வட்டக் கேக் 10 முதல் 12 பேருக்கு வரும். முப்பது பேர் என்றால் அடுக்கின் மேல் அடுக்காக உயர்த்தாதீர்கள். உயரமான கேக்கை வெட்டிப் பிரிப்பது பழக்கமில்லாத கைக்குத் தொல்லை. மேலே சொன்ன அளவை இரட்டித்து 9க்கு 13 அங்குலத் தட்டில் சுட்டால், ஆறுக்கு ஐந்தாக 30 துண்டுகள் கிடைக்கும். ஆனால் அந்தத் தட்டு ஓவனுக்குள்தான் போகும். குண்டானில் செய்பவர்கள் இரண்டு வட்டக் கேக் சுடுங்கள். ஒன்றை அலங்கரித்து மேசையில் வைத்து, மற்றதை எதுவும் பூசாமல் சமையலறையிலேயே வெட்டித் தட்டுகளில் போட்டு அனுப்பிவிடலாம். பாயசமும் வடையும் வேறு இருக்கும் வீட்டில் ஆளுக்குச் சிறு துண்டு போதும். மிச்சமெல்லாம் ஐசிங் நக்கப்பட்ட துண்டுகளாகத் தட்டில்தான் கிடக்கும்.

எல்லாவற்றையும் அன்றைக்கே செய்ய வேண்டுமா?

கூடவே கூடாது. கேக்கை முந்தின நாள் மாலை சுடுங்கள். முழுதாக ஆறியபின் ஈரமில்லாத டப்பாவில் மூடி வைத்தால் மறுநாள் இன்னும் பதமாக இருக்கும், வெட்டும்போது தூள் உதிராது. சூடான கேக்கை மூடினால் வியர்த்துவிடும், அதன் மேல் எதைப் பூசினாலும் வழுக்கும். சாக்லேட் பூச்சு அன்று காலை. கிரீம் என்றால் விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, உடனே ஃபிரிட்ஜுக்குள்.

கேக் நடுவில் குழிந்துவிட்டது. தூக்கிப் போடுவதா?

பாதியில் திறந்தது, சோடா கூடிப்போனது, நடுப்பகுதி வேகாமல் இறக்கியது ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். உள்ளே வெந்திருந்தால் கவலை வேண்டாம்: கவிழ்த்துப் போடுங்கள், அடிப்பாகம் எப்போதும் சமமாகத்தான் இருக்கும். கடைக்காரர்களும் பெரும்பாலும் அடிப்பக்கத்தைத்தான் மேலே காட்டுகிறார்கள். மேலே மலை போல எழும்பி வெடித்திருந்தால் சூடு அதிகம். பல்லுள்ள கத்தியால் சீவிச் சமப்படுத்திக்கொள்ளலாம். உப்பாமல் கட்டையாக இருந்தால் பேக்கிங் பவுடர் செத்துவிட்டது என்று பொருள். அடுத்த முறை தொடங்கும் முன் ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், பொங்க வேண்டும். ஆப்ப சோடாவை எலுமிச்சைச் சாற்றில் சோதிக்க வேண்டும்.

சோப்பு போல ஒரு சுவை வந்தால் சோடா மிகுந்துவிட்டது. அதற்கு மட்டும் வைத்தியம் கிடையாது.

கிரீம் பூசினால் அரை மணியில் வழிகிறது. என்ன செய்ய?

வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும். சென்னையிலும் வேலூரிலும் மே மாத மதியங்களில் வெயில் எளிதாக 38, 40 டிகிரியைத் தொடுகிறது. ஏசி இல்லாத ஹாலில் வெண்ணெய் ஐசிங் ரோஜாக்கள் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பங்குனி முதல் ஆவணி வரை பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

கடையில் அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் கெட்டியாகாது. அதில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான் இருக்கும். நுரைத்து நிற்கக் குறைந்தது 30 சதவீதம் வேண்டும். பேக்கரிகளில் பூசும் வெள்ளை கிரீம் பெரும்பாலும் தாவரக் கொழுப்பில் செய்த, உறையவைத்து விற்கும் விப்பிங் கிரீம். அதை வாங்கினால் ஃபிரிட்ஜில் இளக வைத்து, ஐஸ் கட்டி நிரப்பிய தட்டின் மேல் பாத்திரத்தை வைத்து அடியுங்கள். நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் கைகொடுப்பது சாக்லேட் கனாஷ். டார்க் காம்பவுண்ட் சாக்லேட் 200 கிராம், மேலே சொன்ன அதே ஃப்ரெஷ் கிரீம் 100 மில்லி. சாக்லேட்டைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் போடுங்கள். கிரீமைச் சூடாக்கி, ஓரங்களில் குமிழ் தோன்றியதும் இறக்கி அதன் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் கலக்கினால், முதலில் திரிந்ததுபோல் தெரிந்து, சட்டென்று ஒன்றுசேர்ந்து பளபளவென்று மின்னும். கைபொறுக்கும் சூட்டில் கேக்கின் நடுவில் ஊற்றிக் கரண்டியின் பின்பக்கத்தால் ஓரத்துக்குத் தள்ளுங்கள், பக்கங்களில் தானே வழிந்து இறங்கும். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சுவையில் அசல் சாக்லேட்டுக்கு ஒரு படி கீழேதான். பிள்ளைகள் யாரும் புகார் சொல்லமாட்டார்கள்.

அதுவும் வேண்டாம் என்றால் ஒரு கப் ஐசிங் சர்க்கரையில் நான்கைந்து தேக்கரண்டி பாலோ எலுமிச்சைச் சாறோ விட்டுக் குழைத்து ஊற்றுங்கள். காய்ந்ததும் ஓடு போல இறுகிவிடும். எந்த வெயிலுக்கும் அசையாது.

பைப்பிங் பையும் நாசிலும் (கிரீமைப் பிழிந்து பூப்போடும் பையும் அதன் முனையும்) இல்லை. எதை வைத்து அழகுபடுத்துவது?

கோல அச்சு. கோயில் தெருக் கடைகளில் தொங்கும், ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் தகடுதான். புதிதாக ஒன்று வாங்கி நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். கோலப்பொடி பட்ட பழையது உதவாது. கோகோ சேர்த்த கேக்கின் மேல் அச்சைத் தொட்டும் தொடாமலும் பிடித்து, டீ வடிகட்டியில் ஐசிங் சர்க்கரையைப் போட்டு விளிம்பை விரலால் தட்டினால் வெள்ளைப்பொடி பனி போல இறங்கும். அச்சை நேர் மேலாகத் தூக்க வேண்டும், சாய்த்தால் கோடு கலையும். பழுப்பு கேக்கில் வெள்ளைக் கோலம், அதன் அழகுக்குப் பக்கத்தில் பேக்கரி ரோஜா நிற்காது. இரண்டு எச்சரிக்கை: மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், வெட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் செய்யுங்கள், சர்க்கரை ஈரத்தை இழுத்து மறைந்துவிடும்.

அட்டையில் பிள்ளையின் வயதை வெட்டி வைத்தும் இதே போலப் பொடி தூவலாம்.

மற்றபடி வீட்டிலிருப்பதே போதும். டூட்டி ஃப்ரூட்டி (பச்சைப் பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து நிறமேற்றியதுதான்), ஜெம்ஸ் மிட்டாய், பொடித்த கடலைமிட்டாய், மாதுளை முத்துகள். வேஃபர் பிஸ்கெட்டுகளைக் கேக்கைச் சுற்றி வேலி போல நிறுத்தி ஒரு ரிப்பனால் கட்டினால், பக்கங்களில் பூசியது ஒழுங்கில்லாமல் இருந்தாலும் மறைந்துவிடும். ஜெம்ஸைக் கடைசியில் வையுங்கள். ஈரமான கிரீமில் வெகுநேரம் இருந்தால் சாயம் வழியும்.

பட்டாம்பூச்சி வேண்டும், ரயில் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். தனி டின் வாங்க வேண்டுமா?

வேண்டாம். வட்டக் கேக்கை நடுவில் நேராக வெட்டுங்கள். இரண்டு அரைவட்டங்களையும் திருப்பி, வளைந்த பக்கங்கள் நடுவில் ஒன்றையொன்று தொடும்படி வைத்தால் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி வந்துவிட்டது. நேர் விளிம்புகளின் நடுவில் சிறு முக்கோணம் வெட்டி எடுத்தால் மேல் இறக்கை, கீழ் இறக்கை என்று பிரிந்து தெரியும். நடுவில் உடலுக்கு ஒரு வேஃபர் சுருள். வெட்டிய பக்கங்களில் தூள் உதிர்ந்து கனாஷில் கலக்கும் என்பதால், முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்து, ஃபிரிட்ஜில் அரை மணி வைத்து, பிறகு முழுப் பூச்சு கொடுங்கள்.

ரயிலுக்கு நீளமான கேக்கைத் துண்டுகளாக்கி, க்ரீம் பிஸ்கெட்டைச் சக்கரமாக ஒட்டினால் போதும். எட்டு வயது என்றால் அதிர்ஷ்டம்: இரண்டு வட்டக் கேக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் ஒவ்வொரு குழி. பொம்மைப் பாவாடைக்கு ஆழமான எவர்சில்வர் கிண்ணத்தில் சுட்டுக் கவிழ்த்து, பொம்மையின் கால்களை உணவு பொதியும் தாளால் சுற்றி நடுவில் செருகலாம். கார்ட்டூன் முகங்களை மட்டும் முதல் முறையிலேயே முயலாதீர்கள். கண் கொஞ்சம் கோணினாலும் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

நிறத்துக்குச் செயற்கைச் சாயம் சேர்க்கலாமா?

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் அச்சிட்ட, உணவுக்கான நிறமி என்றால் ஒன்றிரண்டு துளி சேர்க்கலாம். இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள் எட்டு. பொட்டலத்தில் பெயரில்லாமல் விற்கும் பொடியைத் தொடாதீர்கள். ரோடமின் பி என்ற துணிச்சாயம் கண்டறியப்பட்டதால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது.

வீட்டு நிறங்களுக்கும் குணமுண்டு. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு ஐசிங்கில் ஒரு தேக்கரண்டி போட்டால் அழகான இளஞ்சிவப்பு. அதையே மாவில் சேர்த்துச் சுட்டால் மங்கிப் பழுப்பாகும். மஞ்சள்தூளை சோடா சேர்த்த மாவில் போட்டால் ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு செய்யும் வேலையைச் சோடா செய்து, செம்பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். நீலத்துக்குச் சங்குப்பூ. பத்துப் பதினைந்து பூக்களின் இதழ்களை மூன்று மேசைக்கரண்டி வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைப் பாலுக்குப் பதிலாக ஐசிங் சர்க்கரையில் விட்டுக் குழையுங்கள். அதில் சில சொட்டு எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறும். இதைப் பிள்ளைகளின் கண்முன்னால் செய்யுங்கள். மாயாஜாலக்காரர் செலவு மிச்சம்.

மினுமினுப்புப் பொடியில் உண்ணத்தக்கது என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். கைவினைக் கடை ஜிகினா வெறும் பிளாஸ்டிக்.

முதல் பிறந்தநாள். குழந்தைக்கே கேக் கொடுக்கலாமா?

ஒரு வயது நிரம்பும்வரை தேன் எந்த வடிவிலும் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துகளை எதிர்க்கும் திறன் பச்சிளங்குழந்தையின் குடலுக்கு இல்லை. நட்சத்திரப்படி முன்கூட்டியே கொண்டாடினால் இதை நினைவில் வையுங்கள். குழந்தைக்குத் தனியாக, மசித்த வாழைப்பழமும் கோதுமை மாவும் சேர்த்துச் சர்க்கரையில்லாமல் ஒரு சிறு கேக்கைக் கிண்ணத்தில் செய்துவிடலாம். படத்துக்குப் பெரிய கேக், வாய்க்குச் சின்னக் கேக்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரும் விருந்தில் முழு முந்திரி, முழுத் திராட்சை, பாப்கார்ன், கடினமான வெள்ளி உருண்டை மிட்டாய் ஆகியவை வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கும் அளவு அவை. திராட்சையை நீளவாட்டில் நான்காக நறுக்கிக் கொடுக்கலாம்.

ஒவ்வாமை பற்றி விசாரிப்பது மரியாதைக்குறைவாகத் தோன்றாதா?

தோன்றாது. அழைக்கும்போதே "கேக்கில் பால், முந்திரி எல்லாம் இருக்கும், பிள்ளைக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாதா அக்கா?" என்று கேட்டுவிடுங்கள். வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, கோதுமை ஆகியவற்றைக் குறிப்பாகக் கேட்க வேண்டும்.

விளக்கை ஊதி அணைப்பது மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

பல வீடுகளில் நடக்கும் வழக்கு இது. குத்துவிளக்கைப் பிள்ளையின் கையால் ஏற்றச் சொல்லி, ஆரத்தி எடுத்து, பிறகு கேக் வெட்டினால் வழக்கு முடிந்தது. ஊதாமல் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐந்து பிள்ளைகள் முண்டியடித்து ஊதிய எச்சில் கேக்கின் மேல் தெறிக்காது. மெழுகுவர்த்தி வேண்டுமென்றே பிள்ளை கேட்டால் அதை ஒரு தனித் துண்டில் குத்தி வையுங்கள். ஊதிய துண்டு பிறந்தநாள் பிள்ளைக்கே.

அறையை அலங்கரிக்க ஆள் வைக்காமல் சமாளிக்க முடியுமா?

முடியும். ஹால் முழுவதையும் அலங்கரிக்க நினைக்காதீர்கள். படங்களில் விழப்போவது கேக் மேசைக்குப் பின்னாலிருக்கும் ஆறடிச் சுவர் மட்டுமே. அதை மட்டும் கவனித்தால் போதும்.

ஒற்றை நிறப் பருத்திப் புடவை அருமையான பின்திரை. ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ப்பக்க ஆணிக்கு ஒரு கொடிக்கயிறு கட்டி, புடவையை மடிப்பு மடிப்பாகப் போட்டு, துணி மாட்டும் கிளிப்பால் பிடித்துவிடுங்கள். பட்டுப்புடவை வேண்டாம், சாக்லேட் கைகள் தேடி வரும். புடவைக்குப் பின்னால் தீபாவளிக்கு வாங்கிய சீரியல் பல்பு வரிசையைத் தொங்கவிட்டால் மாலையில் துணி வழியாக ஒளி கசியும். எல்இடி விளக்கு மட்டும். பழைய குண்டு பல்பு சூடேறும்.

வண்ணக் காகிதத்தில் முக்கோணங்கள் வெட்டி நூலில் ஒட்டினால் தோரணம். மாவிலையும் சாமந்தியும் மாற்றி மாற்றிக் கோத்தால் அதைவிட நன்றாக இருக்கும், மறுநாள் குப்பையும் மக்கிவிடும். தென்னங்குருத்தில் கிளி மடிக்கத் தெரிந்த தாத்தா வீட்டில் இருந்தால் உங்களுக்கு வேறு அலங்காரமே தேவையில்லை. பிள்ளைகள் அவரைச் சுற்றித்தான் உட்காருவார்கள். கொலுப்படி இருக்கும் வீட்டில் மூன்று படிகளை மட்டும் இறக்கி வெள்ளைத்துணி விரித்து, மேல்படியில் கேக், அடுத்ததில் முறுக்கும் தட்டையும், கீழே பிள்ளைகளுக்கான பரிசுப் பொட்டலங்கள் என்று வைக்கலாம்.

மின்விசிறியிலோ அதன் அருகிலோ காகிதச் சுருளைக் கட்டாதீர்கள். அணைத்து வைத்திருக்கிறோமே என்பீர்கள். புழுக்கம் தாங்காமல் யாராவது ஒரு மாமா சுவிட்சைத் தட்டுவார்.

சுவரில் ஒட்டினால் பெயிண்ட் உரிகிறதே?

இருபக்க டேப் டிஸ்டெம்பர் பூச்சைச் செதிலோடு கொண்டுவந்துவிடும். வாடகை வீட்டில் இதற்காக முன்பணத்தில் கை வைப்பார்கள். ஜன்னல் கம்பி, கதவு நிலை, திரைச்சீலைக் கம்பி, அலமாரிக் கைப்பிடி ஆகியவற்றுக்கிடையே நூலிழுத்துத் தொங்கவிடுங்கள். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் பெயிண்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப், அதையும் அன்று இரவே மெதுவாக எடுத்துவிட வேண்டும்.

பலூன் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கைப்பம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் நாற்பது பலூன் ஊதியவருக்கு விருந்தில் பேச மூச்சிருக்காது. முழு அளவுக்கு ஊதாமல் கொஞ்சம் குறைத்து ஊதினால் வெயிலில் காற்று விரிந்தாலும் வெடிக்காது. நான்கு நான்காகக் கட்டி ஒரு நூலில் நெருக்கமாகச் சேர்த்தால் பலூன் வளைவு தயார். இரண்டு அளவுப் பலூன்களைக் கலந்தால் இடைவெளி தெரியாது.

உடைந்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்குங்கள். சிறு குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், எடுப்பது கடினம். தெருவில் விற்கும் பறக்கும் பலூன்களில் பெரும்பாலும் ஹைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். மெழுகுவர்த்தி இருக்கும் அறைக்குள் அவற்றைக் கொண்டுவரவே கூடாது. ஹீலியம் தீப்பற்றாது, ஆனால் விலை அதிகம். ஃபாயில் பலூன் மின்சாரத்தைக் கடத்தும், பால்கனியில் கட்டினால் வெளியே செல்லும் கம்பிகளைப் பாருங்கள்.

நுரை ஸ்ப்ரே, பட்டாசு போல எரியும் மெழுகுவர்த்தி?

இரண்டும் வேண்டாம். நுரை டப்பாக்களில் பலவற்றில் எரியக்கூடிய வாயுதான் நுரையைத் தள்ளுகிறது. எரியும் மெழுகுவர்த்தியின் மேல் அடித்தால் தீ பாயும், முன்னால் நிற்பது பிள்ளையின் முகம். போதாக்குறைக்கு, அந்த நுரை கேக்கிலும் விழும்.

பிள்ளையையும் வேலையில் சேர்த்துக்கொள்ளலாமா?

மூன்று வயதுக்கு மேல் என்றால் மாவு சலிக்க, டின்னில் எண்ணெய் தடவ, ஜெம்ஸ் அடுக்க விடலாம். ஜெம்ஸ் எண்ணிக்கை குறையும் என்பதை முன்பே கணக்கில் வைத்து இரண்டு பொட்டலம் கூடுதலாக வாங்குங்கள். எட்டு வயதுக்கு மேல் கனாஷைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று செய்யவிடலாம். பிள்ளை வைத்த மிட்டாய் வரிசை கோணலாக இருந்தால் அவள் தூங்கியபின் திருத்தி வைக்காதீர்கள், காலையில் கண்டுபிடித்துவிடுவாள்.

கேக் மிஞ்சிவிட்டது.

கிரீம் பூசியது ஃபிரிட்ஜில் இரண்டு நாள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த கிரீம் கேக்கை, கோடை என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை, எடுத்து வைக்காதீர்கள். எதுவும் பூசாத கேக் மூடிய டப்பாவில் வெளியிலேயே இரண்டு நாள் தாங்கும். சீவிய துண்டுகளையும் உதிர்ந்த தூளையும் மிச்சக் கனாஷோடு பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, தேங்காய்த்துருவலில் புரட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். அது மூன்றாம் நாள்வரை இருக்காது.